வரவு எழுதாத பக்கம்: நியரிங் தம்பதியின் வெர்மான்ட் பண்ணையும் அதைப் பற்றிய நூலும்

நகர வேலையை விட்டு நிலம் வாங்கிக் குடியேறியவர்கள் எழுதும் நூல்கள் பலவும் முதல் இரண்டு மூன்று அறுவடைக்குள் எழுதி முடிக்கப்பட்டுவிடுகின்றன. உற்சாகம் வற்றுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்ற அவசரம் அவற்றின் ஒவ்வொரு பக்கத்திலும் தெரியும். ஸ்காட் நியரிங்கும் ஹெலன் நியரிங்கும் அப்படிச் செய்யவில்லை. 1932இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்து மலைப்பகுதியில் ஒரு பாழடைந்த பண்ணையை வாங்கி, இருபது ஆண்டுகள் அங்கே உழைத்து வாழ்ந்து, அந்த இடத்தை விட்டு மேய்ன் மாநிலக் கடற்கரைக்குக் குடிபெயர்ந்த பிறகே, 1954இல் 'லிவிங் த குட் லைஃப்' என்ற நூலை வெளியிட்டார்கள். நகரத்தை விட்டு நிலத்துக்குத் திரும்பும் எழுத்துவகையில் இந்த அளவு நீண்ட அனுபவத்தின் முடிவில் நின்று எழுதப்பட்ட நூல் அபூர்வம். அதனாலேயே, இத்தகைய நூல் எதைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது, எதை விட்டுவிடுகிறது, விட்டது வாசகரை எப்படிப் பாதிக்கிறது என்று ஆராய்வதற்கு இதைவிடப் பொருத்தமான நிகழ்வு எனக்குத் தென்படவில்லை.

பின்னணி

ஸ்காட் நியரிங் 1883இல் பென்சில்வேனியாவில் பிறந்த பொருளியல் பேராசிரியர். குழந்தைத் தொழிலாளர் முறையை எதிர்த்துப் பேசியும் எழுதியும் வந்த அவரை 1915இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் வேலையிலிருந்து நீக்கியது. போர் எதிர்ப்பு நிலைப்பாட்டினால் 1917இல் டொலீடோ பல்கலைக்கழக வேலையும் போயிற்று. முதலாம் உலகப் போரைக் கண்டித்து எழுதிய ஒரு சிறு வெளியீட்டுக்காக உளவுச் சட்டத்தின் கீழ் அவர்மீது வழக்குத் தொடரப்பட்டது. 1919இல் விடுதலையானார் என்றாலும், கல்லூரிக் கதவுகளும் பெரிய பதிப்பகங்களின் கதவுகளும் அவருக்கு அடைபட்டுவிட்டன. 1920களின் இறுதியில் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்து, சில ஆண்டுகளுக்குள் அங்கிருந்தும் வெளியேற்றப்பட்டார்.

ஹெலன் நோத் 1904இல் பிறந்தவர், வயலின் பயின்றவர். பெற்றோர் இருவரும் பிரம்மஞான சபையைச் சேர்ந்தவர்கள். சென்னை அடையாற்றைத் தலைமையிடமாகக் கொண்ட அதே சபைதான். 1920களில் ஜே. கிருஷ்ணமூர்த்தியுடன் ஹெலனுக்கு மிக நெருங்கிய நட்பு இருந்தது. புலால் உண்ணாமையும் எளிமையும் அவருக்குப் பண்ணைக்கு வந்த பின் பிடிபட்ட கொள்கைகள் அல்ல, அவர் வளர்ந்த வீட்டிலேயே இருந்தவை.

1929இன் பொருளாதாரச் சரிவுக்குப் பின் நியூயார்க்கில் வருமானம் இன்றி வாழ்வதைவிடக் கிராமத்தில் வருமானம் இன்றி வாழ்வது மேல் என்று இருவரும் முடிவுசெய்தபோது ஸ்காட்டுக்கு வயது 49, ஹெலனுக்கு 28. இந்த இடம்பெயர்வு ஒரு கனவின் நிறைவேற்றம் மட்டும் அல்ல. வேலை கிடைக்காது என்று உறுதியாகிவிட்ட ஒருவரின் மாற்று ஏற்பாடாகவும் அது இருந்தது. நூலைப் படிப்பவர் இதை மனத்தில் வைத்துக்கொண்டால், அதன் குரலில் உள்ள பிடிவாதம் எங்கிருந்து வருகிறது என்பது விளங்கும்.

நிலமும் திட்டமும்

ஸ்ட்ராட்டன் மலையை ஒட்டிய பள்ளத்தாக்கில் 65 ஏக்கர் நிலமும் பழைய மர வீடு ஒன்றும் 1100 டாலருக்குக் கிடைத்தன. இதில் 300 டாலர் ரொக்கம். மீதி 800 டாலர் கூட்டாட்சி நிலவங்கியின் அடமானக் கடன். மண் அமிலத் தன்மை கொண்டது, சரிவானது, கல் நிறைந்தது; உறைபனி விழாத காலம் ஆண்டில் ஏறத்தாழ மூன்று மாதங்களே. உள்ளூர்க்காரர்கள் பலர் கைவிட்டுச் சென்றுகொண்டிருந்த நிலம் அது.

இருவரும் பத்தாண்டுத் திட்டம் ஒன்றை எழுதி வைத்துக்கொண்டார்கள். உணவில் இயன்றவரை தன்னிறைவு அடைவது, ரொக்கத் தேவைக்கு ஒரே ஒரு விளைபொருளை நம்புவது, ஆண்டுச் செலவுக்குப் போதுமான பணம் சேர்ந்ததும் விற்பனைக்கான உற்பத்தியை நிறுத்திவிடுவது, வங்கிக் கடன் வாங்காதிருப்பது, கால்நடை வளர்க்காதிருப்பது ஆகியவை அதன் முக்கிய விதிகள். ஒரு நாளில் விழித்திருக்கும் நேரத்தை மூன்றாகப் பிரித்து, நான்கு மணி நேரம் பிழைப்புக்கான உடலுழைப்புக்கும், நான்கு மணி நேரம் எழுத்து, வாசிப்பு, இசை போன்றவற்றுக்கும், நான்கு மணி நேரம் மனிதர்களோடு பழகுவதற்கும் ஒதுக்கினார்கள். நூலின் பகுதிகளில் பிற்கால வாசகர்களை மிகவும் ஈர்த்தது இந்த நான்கு மணி நேரக் கணக்குதான். அளவுக்கு மீறித் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டதும் அதுவே என்பது என் கருத்து.

கால்நடை இல்லை என்ற விதியைச் சற்று நிறுத்திக் கவனிக்க வேண்டும். மாடு வைத்திருப்பவர் காலையும் மாலையும் கறக்க வீட்டில் இருந்தாக வேண்டும். கோழி வைத்திருப்பவர் இரவு அடைக்க வேண்டும். குளிர்காலம் முழுவதுக்கும் வைக்கோல் சேர்க்க வேண்டும். இவை எதுவும் இல்லாததனால்தான் நியரிங் தம்பதியால் பனிக்காலத்தில் வீட்டைப் பூட்டிவிட்டு மாதக்கணக்கில் சொற்பொழிவுப் பயணம் செல்ல முடிந்தது. விலங்குகளை அடிமைப்படுத்தக் கூடாது என்ற அறம் நூலில் முதலிடம் பெறுகிறது, அது உண்மையான அறமும்கூட. ஆனால் அந்த அறம் தந்த ஓய்வு நேரம் இல்லாமல் நான்கு மணி நேரக் கணக்கு நின்றிருக்காது.

கல்வீடு

நூலின் வலுவான அதிகாரங்களில் ஒன்று வீடு கட்டியதைப் பற்றியது. பழைய மர வீட்டைச் சரிசெய்வதை விடுத்து, எர்னஸ்ட் ஃபிளாக் என்ற கட்டடக் கலைஞர் பரப்பிய முறைப்படி கல்லாலும் கான்கிரீட்டாலும் கட்டினார்கள். பலகைகளைக் கொண்டு சுவரின் இரு பக்கத்துக்கும் அச்சுச் சட்டம் அமைத்து, கல்லின் தட்டையான முகம் வெளிப்பலகையோடு ஒட்டும்படி வைத்து, பின்புறம் கான்கிரீட் இட்டு நிரப்பி, அது இறுகியதும் பலகைகளைக் கழற்றி அடுத்த அடுக்குக்கு உயர்த்துவது இம்முறை. கொத்தனாரின் கைத்திறன் இல்லாதவரும் நேரான சுவர் எழுப்பலாம்.

கட்டத் தொடங்குவதற்கு முன்பே கல் சேர்க்கத் தொடங்கிவிட்டார்கள். வயலில், ஓடையோரத்தில், சாலையோரத்தில் கண்ணில் பட்ட கல்லையெல்லாம் கொண்டுவந்து குவிக்காமல், இனம் பிரித்து அடுக்கினார்கள்: மூலைக்கு உகந்தவை ஒரு குவியல், தரைக்கு உகந்த தட்டைக் கற்கள் ஒன்று, புகைபோக்கிக்கு ஒன்று, எதற்கும் முகம் கொடுக்காத அவலட்சணக் கற்கள் ஒன்று. குவியல்களுக்குப் பெயர்ப் பலகையும் நட்டிருந்தார்கள். அவலட்சணக் கற்களும் வீணாகவில்லை. சுவரின் உள்வயிற்றை நிரப்பப் பயன்பட்டன. நிலத்தில் உழைத்தவர் மட்டுமே எழுதக்கூடிய விவரம் இது. படிப்பவர் மறுநாளே தம் இடத்தில் செய்து பார்க்க முடியும். நூலின் நம்பகத்தன்மை இத்தகைய பக்கங்களில் ஊன்றி நிற்கிறது.

உணவைப் பற்றிய அதிகாரமும் அவ்வாறே. பச்சை ஓட்ஸ், உலர்திராட்சை, எலுமிச்சைச் சாறு, சிறிது எண்ணெய் சேர்த்துக் கலந்த ஓர் உணவுக்கு அவர்கள் குதிரைத் தீனி என்ற பொருளில் பெயர் வைத்திருந்தார்கள். ஒருவருக்கு ஒரு மரக்கிண்ணம், அவ்வளவே பாத்திரம். சமையல் நேரத்தைக் குறைத்தது அவர்களுடைய நாளில் எவ்வளவு மிச்சம் பிடித்தது என்பதை யாரும் கணக்கிடவில்லை. சமைத்தவர் ஹெலன் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

பாகு

ரொக்கத்துக்கு அவர்கள் தேர்ந்த விளைபொருள் மேப்பிள் பாகு. பக்கத்துப் பண்ணையை வாங்கியபோது அதனோடு மேப்பிள் தோப்பும் காய்ச்சும் கொட்டகையும் வந்தன. குளிர்காலத்தின் முடிவில், இரவில் உறைந்து பகலில் உருகும் வாரங்களில் மட்டும் சாறு ஓடும். மரத்தில் துளையிட்டு வடியும் சாற்றை விறகடுப்பின் மேல் அகன்ற தட்டுகளில் காய்ச்ச வேண்டும். பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி எடுப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த வேலையின் தன்மை உடனே விளங்கும், ஆனால் மேப்பிள் சாறு பதநீரைவிடப் பல மடங்கு நீர்த்தது: ஏறத்தாழ 40 காலன் சாறு காய்ந்தால்தான் 1 காலன் பாகு. நீரின் கொதிநிலையைவிட 7 பாரன்ஹீட் பாகை கூடும்போது பதம் வந்துவிடும். அதைத் தாண்டிக் காய்ச்சினால் சர்க்கரையாக இறுகும். பாகாக விற்பதைவிடச் சர்க்கரை வார்த்து விற்பதில் வருமானம் கூடுதல் என்று கண்டு அதையும் செய்தார்கள். சரிவின் மேலிருந்து சாற்றைக் கொட்டகைக்குக் கொண்டுவரக் குழாய்களையும் அமைத்தார்கள்.

இந்த உழைப்பிலிருந்துதான் அவர்களுடைய முதல் பண்ணை நூலும் பிறந்தது. பாகு காய்ச்சும் காலத்தில் பண்ணைக்கு வந்த எழுத்தாளர் பேர்ல் பக்கும், அவர் கணவரும் ஜான் டே பதிப்பகத்தின் தலைவருமான ரிச்சர்ட் வால்ஷும் இதைப் பற்றி ஒரு நூல் எழுதுமாறு தூண்டினார்கள். 1950இல் 'தி மேப்பிள் சுகர் புக்' அப்பதிப்பகத்தின் வழியாகவே வெளிவந்தது. மேப்பிள் சர்க்கரையின் வரலாற்றைப் பழைய நூல்களிலிருந்து தேடித் தொகுத்ததில் ஹெலனின் பங்கு பெரிது. நான்கு ஆண்டுகளுக்குப் பின் வந்த நூலுக்கு ஒத்திகையாக அமைந்தது இதுவே: ஒரு கைவினையை அடியிலிருந்து நுனிவரை விளக்கி, இறுதியில் அந்தக் கைவினையால் வாழும் வாழ்க்கைக்கு வாதாடும் வடிவம் இங்கேதான் உருவானது.

நூல் எழுதப்பட்ட விதம்

1954ஆம் ஆண்டு நூலை எந்தப் பெரிய பதிப்பகமும் வெளியிடவில்லை. ஸ்காட்டின் வெளியீடுகளுக்கென இருந்த சமூக அறிவியல் கழகம் என்ற சொந்த அமைப்பின் பெயரில் மேய்னின் ஹார்பர்சைடு கிராமத்திலிருந்து அவர்களே வெளியிட்டார்கள். இருபதாண்டு முயற்சியின் எளிய, நடைமுறை சார்ந்த விவரணை என்று நூலின் துணைத்தலைப்பு உறுதி கூறுகிறது. அதே துணைத்தலைப்பின் பிற்பகுதி, கலங்கிய உலகில் தெளிவாக வாழ்வது குறித்த கருத்துகளையும் சேர்த்துக்கொள்கிறது. விவரணை, வாதம் என்ற இந்த இரண்டு வேலைகளும் நூல் நெடுகிலும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே செல்கின்றன.

ஒவ்வொரு அதிகாரமும் பழைய வேளாண் நூல்களிலிருந்தும் சிந்தனையாளர்களிடமிருந்தும் எடுத்த மேற்கோள்களோடு தொடங்குகிறது. தங்கள் வாழ்க்கை ஒரு தனித்த விசித்திரம் அல்ல, நூற்றாண்டுகளாகத் தொடரும் மரபு என்று வாசகருக்கு உணர்த்த இது உதவியது. 'நான்' என்ற சொல்லே ஏறக்குறைய இல்லை, எங்கும் 'நாங்கள்'. இது ஓர் அழகிய தேர்வு என்றாலும், யார் கல்லடுக்கினார், யார் சமைத்தார், யார் கடிதங்களுக்குப் பதில் எழுதினார், எந்த நாளில் யாருக்கு முதுகு வலித்தது என்பதெல்லாம் அந்த 'நாங்க'ளுக்குள் மறைந்துவிடுகின்றன.

அக்கம்பக்கத்தாரோடு கூட்டுறவாக வாழ முயன்று தோற்றதை மறைக்காமல் எழுதியிருப்பது பாராட்டத்தக்கது. வெர்மான்ட் விவசாயிகளின் தனிப்போக்கு, ஊரில் பொதுக் காரியம் எதுவும் நிலைக்காதது, புதிதாக வந்து குடியேறியவர்களுக்குள் ஏற்பட்ட பிணக்குகள் ஆகியவற்றைப் பற்றிய அதிகாரத்தில் தோல்வி தோல்வியாகவே பதிவாகியுள்ளது. அதில் சற்று மேட்டிமைத் தொனி இருப்பதையும் மறுக்க முடியாது; இறைச்சியும் வெள்ளை ரொட்டியும் காபியும் விரும்பிய அண்டை வீட்டாருக்கு இவர்கள் எப்படித் தோன்றியிருப்பார்கள் என்ற கேள்வியை அவர்கள் போதுமான அளவு எழுப்பவில்லை.

கணக்கில் வராதவை

நூலின் கடைசி அதிகாரம் வெர்மான்ட் முயற்சியின் ஐந்தொகை என்ற தலைப்பைக் கொண்டது. பொருளியல் பேராசிரியர் ஒருவர் அந்தத் தலைப்பை வைக்கும்போது, இருபது ஆண்டுகளின் மொத்த வரவையும் மொத்த செலவையும் எதிர்பார்த்து வாசகர் பக்கத்தைப் புரட்டுகிறார். கிடைப்பதோ இந்த வாழ்க்கை உகந்ததா, பிறருக்குப் பொருந்துமா என்ற விவாதம். கொள்கையின் இலாப நட்டம் அங்கே பேசப்படுகிறது, குடும்பத்தின் இலாப நட்டம் பேசப்படவில்லை.

விடுபட்டவற்றுள் முதலாவது, பண்ணைக்கு வெளியிலிருந்து வந்த பணம். நியரிங் தம்பதியிடம் பின்னாளில் நிலம் வாங்கி அருகில் குடியேறிய ஜீன் ஹே ப்ரைட் 2003இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். இருவருக்கும் குடும்பச் சொத்தின் வழியாகவும் உயில் வழியாகவும் வந்த தொகைகள் இருந்தன. பண்ணை தன் கால்களில் மட்டும் நிற்கவில்லை என்பதே அவர் முடிவின் சாரம். பாகு விற்ற பணத்தில் அன்றாடச் செலவு ஈடேறியிருக்கலாம். ஆனால் பாகு விளையாத ஓர் ஆண்டு வந்தால் வீடு போய்விடும் என்ற பயம் இல்லாமல் வாழ்வதற்கும், அந்தப் பயத்தோடு வாழ்வதற்கும் உள்ள தூரம் மிகப் பெரிது. கடன் வாங்காமல் வாழலாம் என்று சொல்வதற்கு முன், கடன் தேவைப்படாத நிலைக்கு எப்படி வந்தோம் என்று சொல்லியிருக்க வேண்டும்.

இரண்டாவது, எழுத்தும் பேச்சும். நான்கு மணி நேரக் கணக்கில் எழுத்து பிழைப்புக்கான உழைப்பில் சேராது. தனி நேரத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. ஆயினும் நூல்கள் விற்றன, சொற்பொழிவுகள் நடந்தன, நூலைப் படித்தவர்கள் தேடி வந்து கல் சுமந்தார்கள். மேய்னில் ஸ்காட் தொண்ணூறு வயதைக் கடந்தபின் எழும்பிய இரண்டாவது கல்வீட்டில் வந்துபோன இளைஞர்களின் உழைப்புக் கணிசமாக உண்டு. பண்ணை நூலை விளைவித்தது, நூல் பண்ணைக்கு ஆட்களைக் கொண்டுவந்தது. இந்த வகை எழுத்தில் நூலே ஒரு பணப்பயிர் என்பதை ஒப்புக்கொண்ட ஆசிரியர்கள் குறைவு.

மூன்றாவதாகக் குழந்தைகள். ஸ்காட்டுக்கு முதல் மணவாழ்வில் வளர்த்த மகன்கள் இருவர் அப்போதே பெரியவர்கள். ஸ்காட்டுக்கும் ஹெலனுக்கும் சேர்ந்து குழந்தை இல்லை. பள்ளி, காய்ச்சல், பால் எதுவும் பத்தாண்டுத் திட்டத்தில் இடம்பெறத் தேவைப்படவில்லை.

இந்த விடுபடல்களைப் பொய் என்று சொல்ல நான் தயாராக இல்லை. நிலத்தின் மதிப்பைப் பற்றிய விஷயத்தில் அவர்கள் காட்டிய நேர்மை அதற்குத் தடையாக நிற்கிறது: மலிவாக வாங்கிய காட்டு நிலம், அவர்கள் கை படாமலேயே விலை ஏறிவிட்டபோது, உழைக்காமல் வந்த மதிப்பு எங்களுடையது அல்ல என்று 1951இல் ஏறத்தாழ 550 ஏக்கரை வின்ஹால் ஊருக்குப் பொதுக்காடாக எழுதிக் கொடுத்தார்கள். இதைச் செய்தவர்கள் பணத்தை மறைக்கும் நோக்கத்தோடு நூல் எழுதியிருப்பார்கள் என்று நம்புவது கடினம். சந்தையை விட்டு விலகி வாழ முடியும் என்று நிரூபிப்பதே நூலின் நோக்கம். அந்த நிரூபணத்துக்கு இடையூறான வரவுகளை எழுத அதன் வடிவத்தில் இடம் இருக்கவில்லை. விவரணையும் வாதமும் மோதிய ஒரே இடத்தில் வாதம் வென்றுவிட்டது.

படித்துவிட்டு வந்தவர்கள்

முதல் பதினைந்து ஆண்டுகள் நூல் மெதுவாகவே விற்றது. 1970இல் ஷோக்கன் பதிப்பகம் சமூக விமர்சகர் பால் குட்மனின் முன்னுரையோடு அதை மறுபதிப்புச் செய்தபோது காலம் மாறியிருந்தது. வியட்நாம் போரினால் மனம் கசந்த இளைஞர்கள் நகரங்களை விட்டு வெளியேறிக்கொண்டிருந்தார்கள். முதல் பூமி நாள் கொண்டாடப்பட்டதும் அதே ஆண்டுதான். ஐம்பதுகளில் விசித்திரமாகத் தோன்றிய முதிய தம்பதி வழிகாட்டிகளானார்கள். கோடையில் கூட்டம் பெருகி, காலை நேரம் எங்களுடையது, பார்க்க வருவோர் பிற்பகல் 3 முதல் 5 வரை வரலாம் என்ற பொருளில் அறிவிப்புப் பலகை வைக்க வேண்டியதாயிற்று.

வந்தவர்களுள் எலியட் கோல்மன் முக்கியமானவர். 1968இல் அவருக்கும் அவர் மனைவிக்கும் நியரிங் தம்பதி தங்கள் மேய்ன் நிலத்தில் 60 ஏக்கரை, தாங்கள் வாங்கிய விலையான ஏக்கருக்கு 33 டாலர் வீதமே விற்றார்கள். கோல்மன் குடும்பம் அங்கே மின்சாரம் இன்றிக் கையால் வீடு கட்டி, காட்டைத் திருத்தித் தோட்டமாக்கியது. 1971இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் அவர்களைப் பற்றி எழுதும் அளவுக்குப் பெயர் பரவியது. ஆனால் நூலில் இல்லாத குழந்தைகள் அந்த வீட்டில் இருந்தார்கள், நூலில் இல்லாத ஆடுகளும் இருந்தன, உயில் வழி வந்த பணம் இருக்கவில்லை. ஓய்வில்லாத உழைப்பு, உடல்நலக் குறைவு, ஒரு குழந்தையின் மரணம், மணமுறிவு என்று பத்தாண்டுக்குள் அந்தக் குடும்பம் சிதறியதை மகள் மெலிஸா கோல்மன் 2011இல் நினைவுக்குறிப்பாக எழுதினார். இதற்கெல்லாம் நியரிங் நூலைப் பொறுப்பாக்குவது அநியாயம். எனினும் நான்கு மணி நேரம் போதும் என்ற கணக்கை நம்பி வந்தவர்கள் பதினான்கு மணி நேரம் உழைத்தும் போதாதபோது, குறை தங்களிடம்தான் இருக்கிறது என்று எண்ணினார்கள் என்பதை இந்த வகை நூல் எழுதத் துணிபவர் அறிந்திருக்க வேண்டும்.

1979இல் மேய்ன் வாழ்க்கையைப் பற்றிய அடுத்த நூலை நியரிங் தம்பதி வெளியிட்டார்கள். பாகுக்குப் பதிலாக அங்கே அவுரிநெல்லி எனப்படும் புளுபெர்ரி ரொக்கப் பயிர். மற்றபடி அமைப்பில் பெரிய மாற்றம் இல்லை. ஸ்காட் 1983இல், நூறாவது பிறந்தநாளுக்குச் சில நாள் கழித்து, தாமாக உணவை நிறுத்திக்கொண்டு இறந்தார். 1992இல் ஹெலன் தனியாக எழுதிய நூலில்தான் அந்த 'நாங்கள்' பிரிந்து, தனிமனிதர்களாக இருவரும் வெளிப்படுகிறார்கள். மூன்றிலும் எழுத்தாக நான் மதிப்பது இதைத்தான்.

கோல்மன் அதே நிலத்துக்குப் பின்னர் திரும்பி வந்து இயற்கைவழிக் காய்கறிச் சாகுபடியில் பெயர் பெற்றார். 1989இல் அவர் வெளியிட்ட 'தி நியூ ஆர்கானிக் குரோயர்', சிறு பரப்பில் காய்கறி விளைவித்து விற்றுப் பிழைக்க விரும்புவோருக்கான தொழில்நூல். பயிர்ச்சுழற்சிக்கும் பசுந்தாள் உரத்துக்கும் போவதற்கு முன்பாகவே முதலீடு, கூலியாள், விற்பனை ஆகிய மூன்றையும் தனித்தனி அதிகாரங்களாக எழுதிவிடுகிறார்.